வாக்-ஆனாகச் சேரலாமா, கோச்சின் அழைப்புக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் ஃப்ரிஸ்கோவில் வசிக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதிலிருந்து சாக்கர் ஆடுகிறாள். இப்போது கிளப்பின் இரண்டாவது அணியில், இ.சி.என்.எல். என்ற தேசிய கிளப் லீக்குக்கு அடுத்த மட்டமான ரீஜனல் லீக்கில், ரைட் பேக் (வலது ஓரத் தற்காப்பு ஆட்டக்காரி). ஜி.பி.ஏ. 3.9. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும், கல்லூரி அணியிலும் ஆட வேண்டும் என்கிறாள். கல்லூரி விளையாட்டின் மேல் பிரிவான டிவிஷன் 1 கல்லூரிகளிலிருந்து கேம்ப்புக்கு வரச் சொல்லி மின்னஞ்சல்கள் வந்தபடி இருக்கின்றன. சிலவற்றுக்குப் போய் வந்தோம். ஒரு பெரிய ஸ்டேட் யூனிவர்சிட்டியின் கோச், "இங்கே அட்மிஷன் வாங்கிக்கொண்டு வா, வாக்-ஆனாக முயற்சி செய்து பார்க்கலாம்" என்று சொன்னார், அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் இடம் தேடுவது. அதை நம்பி அந்தக் கல்லூரியைக் குறிவைக்கலாமா? என் கணவர், "இனிமேல் யாரும் கூப்பிடப் போவதில்லை, பந்தை ஓரமாக வைத்துவிட்டு எஸ்.ஏ.டி.க்குப் படிக்கட்டும்" என்கிறார். இன்ஜினியரிங்கும் ஆட்டமும் சேர்ந்து முடியுமா? நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம், மகள் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில். அது ஸ்காலர்ஷிப்புக்குத் தடையாகுமா?
– ஒரு தாய், ஃப்ரிஸ்கோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கோச் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் ஒரு டிவிஷன் 1 கல்லூரியில் துணைக் கோச்சாக இருந்து ரெக்ரூட்டிங் வேலையைப் பார்த்தவள். கேம்ப் முடிந்து பிள்ளைகள் வரிசையாகக் கை குலுக்க வரும்போது கோச்சுகள் என்ன பேசுவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "அட்மிஷன் வாங்கிக்கொண்டு வா, முயற்சி செய்யலாம்" என்பதில் பொய் எதுவும் இல்லை. முழுநேர மாணவி யாராக இருந்தாலும், அணி ட்ரை-அவுட் வைத்தால் போய் நிற்கலாம். ஆனால் அதில் உங்கள் மகளுக்கென்று அவர் எதையும் தரவில்லை. இடம் தருகிறேன் என்று சொல்லவில்லை, அட்மிஷனில் பேசுகிறேன் என்றும் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 ஜூன் மாதம், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மீது ஆட்டக்காரர்கள் தொடர்ந்த ஹவுஸ் வழக்கில் நீதிமன்றம் சமரசத்தை ஏற்றுக்கொண்ட பிறகு டிவிஷன் 1 விதிகள் மாறிவிட்டன. அதற்கு முன்பு ஒரு பெண்கள் சாக்கர் அணி மொத்தம் 14 ஸ்காலர்ஷிப் வரை தரலாம். அந்தப் பணத்தைப் பலருக்குப் பிரித்தும் கொடுக்கலாம். அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. அதனால் முப்பது, முப்பத்தைந்து பேர் இருந்த அணிகள் சாதாரணம். பணம் வாங்காத வாக்-ஆன் பிள்ளைகளைச் சேர்ப்பதில் கோச்சுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டின் டைட்டில் 9 சட்டப்படி ஆண், பெண் விளையாட்டு வாய்ப்புகளைச் சமமாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இருப்பதால், பெண்கள் அணியில் ஆள் கூடுவதைக் கல்லூரிகளும் விரும்பின.

இப்போது சமரசத்தில் சேர்ந்துகொண்ட கல்லூரிகளுக்கு ரோஸ்டர், அதாவது அணிப் பட்டியலின் வரம்பு 28 பேர். ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு வரம்பு போய்விட்டது. 28 பேருக்கும் முழுப் பணம் கொடுக்க விதி அனுமதிக்கிறது, ஆனால் பெரும்பாலான கல்லூரிகளிடம் அவ்வளவு பணம் இல்லை. உங்கள் மகளைப் பொறுத்தவரை முக்கியமானது வேறு. வாக்-ஆனும் அந்த 28-க்குள்தான் வருகிறாள். அவளுக்குக் கொடுக்கும் இடம் இன்னொருத்திக்குக் கிடைக்காது. கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் இரண்டு, மூன்று வருடம் கல்லூரி ஆட்டம் ஆடித் தேர்ந்தவர்கள் கிடைக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். அப்படியிருக்கும்போது பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஓர் இடத்தைக் கொடுப்பதற்கு முன் கோச் நிறைய யோசிக்கிறார். ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் யூனிவர்சிட்டியும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் எஸ்.இ.சி. என்ற பலமான டிவிஷன் 1 லீக்கில் ஆடும் அணிகள். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் வந்தால் தானாகவே அட்மிஷன் உண்டு. ஆஸ்டினில் மட்டும் அந்த வரம்பு இன்னும் இறுக்கம். உங்கள் மகளுக்கு அட்மிஷன் கிடைத்துவிடலாம். அணியில் இடம் கிடைப்பது வேறு கதை.

வாக்-ஆனிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, கோச்சே பார்த்து, பணம் தர முடியாது, ஆனால் அணியில் இடம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிச் சேர்ப்பது. இதை பிரிஃபர்ட் வாக்-ஆன் என்பார்கள். இன்னொன்று, கல்லூரியில் சேர்ந்த பிறகு ட்ரை-அவுட்டில் போய் நிற்பது. முதல் வகை மதிப்பான வாய்ப்பு. இரண்டாவதில் என்ன சிக்கல் என்றால், சாக்கர் அணிகள் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ப்ரீ-சீசன் பயிற்சிக்கு வந்துவிடும். ஆகஸ்ட் நடுவிலேயே மேட்ச் ஆரம்பித்துவிடும். வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் ட்ரை-அவுட் வைத்தால், அந்நேரம் அணி சில ஆட்டங்களை ஆடிக்கூட முடித்திருக்கும். அப்போது கோச் தேடுவது, காயம்பட்ட ஒருத்திக்குப் பதில் பயிற்சியில் ஓட ஓர் ஆளைத்தான். கோல்கீப்பராக இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும், இரண்டாவது, மூன்றாவது கீப்பர் எப்போதும் தேவை. ரைட் பேக்குக்கு அப்படி இல்லை. சில அணிகள் வசந்த காலத்தில் ட்ரை-அவுட் வைக்கின்றன, அது கொஞ்சம் நியாயமான வாய்ப்பு. எதுவாக இருந்தாலும் ஆறு மாதத்துக்குள் எடுத்த மருத்துவப் பரிசோதனை அறிக்கையும், சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டுக்கான பரிசோதனை முடிவும் கையில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த உடனே இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுவார்கள், பழைய பதிவை வாங்கிக்கொள்ளலாம். உங்கள் மகள் எச்-4-ல் இருப்பதால் அமெரிக்காவில் பிறந்தவளாக இருக்க மாட்டாள், எனவே குடும்ப டாக்டரிடம் சொல்லி இப்போதே ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்து அந்த கேம்ப் மின்னஞ்சல்கள். பெற்றோர்கள் மனம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். மகளின் இன்பாக்ஸைத் திறந்து, ஏதாவது ஒரு மின்னஞ்சலை எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். மேலே அவள் பெயர் இருக்கும், அதை மென்பொருளே நிரப்பியிருக்கும். "உன் முன்னேற்றத்தைக் கவனித்து வருகிறோம்" என்று எழுதியிருக்கும். எந்த ஆட்டம், என்ன செய்தாள் என்று ஒரு வரிகூட இருக்காது. அவள் ரைட் பேக் என்பதும் இருக்காது. கீழே பதிவு செய்ய ஒரு பொத்தான், பக்கத்தில் கட்டணம். இது ஊருக்கே அச்சடித்த கல்யாணப் பத்திரிகை. துணைக் கோச்சுகளின் சம்பளத்தில் ஒரு பகுதி கேம்ப் வருமானத்திலிருந்து வருகிற கல்லூரிகள் உண்டு. அதனால் கேம்ப்பே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கோச் ஏற்கெனவே உங்கள் மகளுடன் பேசிக்கொண்டிருந்தால், அந்த கேம்ப்புக்குப் போவது மிக நல்லது. மூன்று மணி நேரம் பக்கத்திலிருந்து பார்ப்பார், திருத்திச் சொன்னதை அவள் உடனே செய்கிறாளா என்றும் கவனிப்பார். தொடர்பே இல்லாத கல்லூரியின் கேம்ப்புக்கு விமான டிக்கெட் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

இப்போது உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது தவறு. டிவிஷன் 1, டிவிஷன் 2 கோச்சுகள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல்தான் பெண்கள் சாக்கரில் பிள்ளைகளுக்குப் பதில் எழுதவோ போனில் பேசவோ முடியும். பெரிய டிவிஷன் 1 அணிகள் அந்தக் கோடையிலேயே வேகமாக இடங்களை நிரப்புவது உண்மை. உங்கள் மகள் நினைக்கிற மேல்மட்ட அணிகளுக்கு நேரம் தாண்டிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அமெரிக்காவில் டிவிஷன் 1-ல் முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சாக்கர் அணிகளும், டிவிஷன் 3-ல் நானூறுக்கும் மேற்பட்ட அணிகளும் இருக்கின்றன. டிவிஷன் 2 அணிகளும், என்.ஏ.ஐ.ஏ. என்ற வேறோர் அமைப்பின் அணிகளும் தனி. டிவிஷன் 3-ல் பதினோராம் வகுப்பு முழுக்கவும் பன்னிரண்டாம் வகுப்பின் இலையுதிர்காலம் வரைக்கும் ஆள் எடுப்பார்கள். உங்கள் மகள் அங்கே தாமதமாக வரவில்லை.

டிவிஷன் 3 என்றதும் நம் வீடுகளில் முகம் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் தரம் என்று நினைத்துவிடுகிறோம். விளையாட்டுக்கென ஸ்காலர்ஷிப் தருவதில்லை என்பதுதான் அந்தப் பிரிவின் முக்கிய அடையாளம். 2022 டிசம்பரில் டிவிஷன் 3 பெண்கள் சாக்கர் இறுதி ஆட்டத்தில் மோதியவை ஜான்ஸ் ஹாப்கின்ஸும் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வும். ஹாப்கின்ஸ் 2-1 என்று ஜெயித்தது. இரண்டுமே பயோமெடிக்கல் இன்ஜினியரிங்குக்குப் பேர்போன பல்கலைக்கழகங்கள். கார்னகி மெலன், எமரி, ராச்செஸ்டர், செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் யூனிவர்சிட்டி, எம்.ஐ.டி. எல்லாமே டிவிஷன் 3 அணிகள். உங்கள் கணவர் எந்தக் கல்லூரிகளை மனதில் வைத்து எஸ்.ஏ.டி. படிக்கச் சொல்கிறாரோ, அவற்றில் பல இங்கேதான் ஆடுகின்றன.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஹாப்கின்ஸ் மாதிரி அணிகள் இ.சி.என்.எல். முதல் அணியிலிருந்தும், இன்னொரு மேல்மட்ட கிளப் லீக்கான கேர்ள்ஸ் அகாடமியிலிருந்தும் பிள்ளைகளை எடுக்கின்றன. ரீஜனல் லீக்கிலிருந்து அங்கே போவது முடியாதது இல்லை, ஆனால் சுலபமும் இல்லை. எனவே பட்டியலில் அவை இரண்டு, மூன்று இருக்கட்டும். இண்டியானாவில் ரோஸ்-ஹல்மன், மாசசூசெட்ஸில் உஸ்டர் பாலிடெக்னிக், நியூயார்க்கில் ரென்சலர், நியூஜெர்சியில் ஸ்டீவன்ஸ் போன்ற இன்ஜினியரிங் கல்லூரிகளையும் சேருங்கள். டெக்சாஸை விட்டுப் போக வேண்டாம் என்றால் சான் அன்டோனியோவில் டிரினிட்டி இருக்கிறது. அங்கே பொது இன்ஜினியரிங் பட்டம் கிடைக்கும், அணியும் பலமான அணி. இப்படி இருபது, முப்பது கல்லூரி எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றின் ரோஸ்டரையும் அணியின் இணையப் பக்கத்தில் திறந்து பாருங்கள். எத்தனை ரைட் பேக், எந்த வருடம் படிக்கிறார்கள், அவள் சேரும்போது யார் பட்டம் பெற்றுப் போயிருப்பார்கள். அதே ரோஸ்டரில் பிள்ளைகள் எந்த கிளப்பிலிருந்து வந்தார்கள் என்றும் போட்டிருக்கும். உங்கள் மகள் ஆடும் மட்டத்திலிருந்து யாராவது அங்கே இருக்கிறார்களா என்று பாருங்கள். அது எந்த ஆலோசகரைவிடவும் தெளிவாகப் பதில் சொல்லிவிடும்.

எஸ்.ஏ.டி. விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது முழுக்கச் சரி. என்.சி.ஏ.ஏ. 2023 ஜனவரியில் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் கல்லூரிகள் பல மறுபடியும் கேட்கின்றன. டிவிஷன் 3-ல் ப்ரீ-ரீட் என்று ஒன்று உண்டு. பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில், பெரும்பாலும் ஜூலையில், கோச் தனக்குப் பிடித்த பிள்ளைகளின் மதிப்பெண்களையும் டெஸ்ட் ஸ்கோரையும் அட்மிஷன் அலுவலகத்திடம் கொடுத்து, இவளுக்கு இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்பார். பச்சைக்கொடி கிடைத்தால், ஏர்லி டிசிஷனில் (இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என்று உறுதி தந்து முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை) விண்ணப்பி, நான் ஆதரவு தருகிறேன் என்பார். அந்தச் சமயத்தில் நல்ல ஸ்கோர் கையில் இருந்தால் கோச்சுக்கு வேலை சுலபம். வசந்த காலத்துக்குள் எஸ்.ஏ.டி.யை முடித்துவிடுவது அவள் ஆட்டத்துக்கே உதவி. வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள், அப்பாவும் மகளும் ஒரே பக்கம் வந்துவிடுவார்கள்.

சரி, கோச்சுகளை எப்படி அணுகுவது? மகள் எழுத வேண்டும். அம்மாவோ அப்பாவோ எழுதினால் கோச் உடனே கண்டுபிடித்துவிடுவார். என்னிடம் வந்த கடிதங்களில், "எங்கள் மகள் மிகவும் கடின உழைப்பாளி" என்று ஆரம்பித்தவற்றை நான் மேற்கொண்டு படித்ததில்லை. தலைப்பிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், கிளப் பெயர் மூன்றும் இருக்கட்டும். உள்ளே ஆறேழு வரி போதும்: ஜி.பி.ஏ., படிக்க விரும்பும் பாடம், ஏன் இந்தக் கல்லூரி என்று ஒரே ஒரு உண்மையான காரணம், வீடியோ இணைப்பு, அடுத்த மாத ஆட்டங்களின் தேதி, மைதான எண், அவளுடைய ஜெர்சி எண், கிளப் கோச்சின் போன் எண். டெக்சாஸில் பள்ளி சாக்கர் குளிர்காலத்தில் நடப்பதால் ஜனவரியிலிருந்து அவள் கிளப் ஆட்டம் குறைந்துவிடும். கல்லூரிக் கோச்சுகள் பார்க்க வரும் இலையுதிர்கால ஷோகேஸ் போட்டிகளுக்கு முன்னாலேயே கடிதம் போய்ச் சேர வேண்டும். இப்போது அந்தக் கட்டம் தாண்டியிருந்தால் வசந்த கால ஷோகேஸுக்கு எழுதட்டும்.

வீடியோ மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். பாட்டு வேண்டாம், பெயர் பறந்து வருகிற அலங்காரம் வேண்டாம். ஒவ்வொரு காட்சிக்கும் முன் அவள் யார் என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டினால் போதும். டிஃபெண்டர்களின் வீடியோவில் எல்லாரும் சறுக்கித் தட்டிப் பறித்த டேக்கிள்களைத்தான் அடுக்குகிறார்கள். கோச் தேடுவது அதை இல்லை.

ஷோகேஸில் ஒரு ரைட் பேக்கை நான் எப்படிப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். மடக்கு நாற்காலியை மைதானத்தின் அவள் பக்கமாகப் போட்டுக்கொள்வேன். பந்து எதிர்ப்பக்கம், இடது ஓரத்தில் இருக்கும். எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள், நான் அவளை மட்டும் பார்ப்பேன். சென்டர் பேக் நகரும்போது அவளும் சேர்ந்து உள்ளே நகர்கிறாளா? பின்னால் திரும்பி, தனக்குப் பின்னால் ஓடுகிற விங்கரை ஒரு நொடி பார்த்துக்கொள்கிறாளா? பந்து அவளிடம் வருவதற்குள் உடம்பைத் திறந்து வைத்திருக்கிறாளா, இல்லை வந்த பிறகுதான் யோசிக்கிறாளா? தவறான பாஸ் கொடுத்துவிட்டால் அடுத்த மூன்று நொடி என்ன செய்கிறாள்? தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறாளா, திரும்பி ஓடுகிறாளா? இருபது நிமிடத்தில் இதெல்லாம் தெரிந்துவிடும். அதன் பிறகு அடுத்த மைதானத்துக்குப் போய்விடுவேன். எனவே வீடியோவில் பந்தைத் தொடாமலே ஆபத்தைத் தடுத்த இரண்டு காட்சியாவது இருக்கட்டும், கூடவே ஒரு முழு ஆட்டத்தின் பதிவுக்கும் இணைப்பு கொடுக்கட்டும். கல்லூரி ஆட்டத்தில், முதல் பாதியில் வெளியே போனவள் அந்தப் பாதியில் திரும்ப வர முடியாது, ஆனால் இரண்டாம் பாதியில் ஒருமுறை வெளியே போய்த் திரும்ப வரலாம். அதனால் கோச்சுகள் பெஞ்சை நன்றாகவே பயன்படுத்துவார்கள். இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓரம் முழுக்க ஏறி இறங்கக்கூடிய பேக்குக்கு அங்கே வேலை இருக்கிறது.

பதில் வர ஆரம்பித்ததும் ஒரு கஷ்டம் வரும். இந்தக் கட்டுரையில் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும் அதுதான். நம் பிள்ளைகள் கோச்சிடம் நேராகக் கேட்க மாட்டார்கள். பெரியவரிடம் அப்படிக் கேட்கலாமா என்று தயங்குவார்கள். நாமும் அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். கோச் நன்றாகச் சிரித்துப் பேசினார், கல்லூரியைச் சுற்றிக் காட்டினார், அதனால் பிடித்திருக்கிறது போலிருக்கிறது என்று ஊகித்துக்கொண்டே ஒரு வருடம் போய்விடும். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கோச்சுகள் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கிறார்கள், தெளிவாகக் கேட்கிற பிள்ளையை மதிக்கவும் செய்கிறார்கள். "என் வருடத்தில் எத்தனை டிஃபெண்டர் எடுக்கிறீர்கள்? உங்கள் பட்டியலில் நான் எங்கே இருக்கிறேன்? எனக்கு ரோஸ்டரில் இடம் தருகிறீர்களா? என் விண்ணப்பத்துக்கு அட்மிஷனில் ஆதரவு தருவீர்களா? முதல் வருடம் எனக்கு என்ன வேலை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" இந்த ஐந்தையும் அவளே, அவள் வாயால் கேட்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருங்கள், நடுவில் பேசாதீர்கள்.

பதில்களைப் புரிந்துகொள்வது கடினமில்லை. "சனிக்கிழமை எந்த மைதானம்? வந்து பார்க்கிறேன்" என்பது உண்மையான ஆர்வம். "உன் டிரான்ஸ்கிரிப்டை அனுப்பு" என்பது அதைவிடப் பெரிய ஆர்வம். "உன் கிளப் கோச்சிடம் பேசினேன்" என்றால் விஷயம் நகர்கிறது. "தொடர்பில் இரு", "எங்களை ஃபாலோ பண்ணு", "கேம்ப்பில் சந்திப்போம்" என்று மட்டுமே வந்தால் அவள் பட்டியலில் இல்லை, அல்லது மிகக் கீழே இருக்கிறாள். வாய்மொழியாக ஒரு கோச் இடம் தருகிறேன் என்றாலும் அது யாரையும் கட்டுப்படுத்தாது. பணம் தருவதாகச் சொன்னால் கல்லூரியின் நிதி உதவி ஒப்பந்தத்தில் எழுத்தாக வர வேண்டும். முன்பு இருந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற முறையை 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த ஒப்பந்தம்தான் எல்லாம். எழுத்தில் வருவதற்கு முன் அவள் சமூக ஊடகத்தில் அறிவிப்புப் படம் போட வேண்டாம். முட்டி லிகமெண்ட் கிழிந்தால் பணமும் இடமும் என்ன ஆகும் என்பதையும் அந்த நேரத்தில் கேட்டுவிடுங்கள். பெண்கள் சாக்கரில் ஏ.சி.எல். காயம் அபூர்வமில்லை.

இன்ஜினியரிங்குடன் முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், ஆனால் எங்கே ஆடுகிறாள் என்பதைப் பொறுத்தது. டிவிஷன் 1-ல் சீசன் நேரத்தில் வாரம் 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு என்று விதி இருக்கிறது. பயண நேரம் அந்தக் கணக்கில் வராது. ஃபிசியோவிடம் உட்காரும் நேரமும் பெரும்பாலும் வராது. லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் வியாழனும் ஞாயிறும். வெளியூர் ஆட்டம் என்றால் புதன் மதியம் கிளம்பினால் ஞாயிறு இரவு வரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். வியாழக்கிழமை கெமிஸ்ட்ரி லேப் இருந்தால் என்ன செய்வது என்பதை அந்த அணியிலேயே இன்ஜினியரிங் படிக்கிற பெண்ணிடம் கேட்க வேண்டும். அணியில் அப்படி ஒருத்தியும் இல்லை என்றால் அதுவே பதில். டிவிஷன் 3-ல் பயணம் பொதுவாகக் குறைவு, லேப் காரணமாகப் பயிற்சிக்குத் தாமதமாக வருவதை ஒத்துக்கொள்கிற கோச்சுகள் அதிகம். ஆனால் அங்கேயும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை வாழ்க்கை சாக்கரைச் சுற்றித்தான். அவளுக்கு அது வேண்டுமா என்று கேளுங்கள். அணியில் பெயர் இருக்க வேண்டும் என்ற ஆசையும், மழையில் காலை ஆறு மணிக்கு ஓட வேண்டும் என்ற ஆசையும் வெவ்வேறு. பல பிள்ளைகளுக்கு முதலாவதுதான் இருக்கும், அதில் தப்பு எதுவும் இல்லை. அப்படியென்றால் ஆஸ்டினிலோ டெக்சாஸ் ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷனிலோ படித்துக்கொண்டு, மாணவர்களே நடத்தும் கிளப் அணியில் ஆடலாம். அங்கேயும் ட்ரை-அவுட் உண்டு, மற்ற பல்கலைக்கழகங்களோடு போட்டிகள் உண்டு, தேசியப் போட்டி வரை போகலாம். செலவும் உள்ளூர் அரசுக் கல்லூரியில் குறைவு.

செலவு என்றதும் விசாவுக்கு வருகிறேன். எச்-4 விசாவில் கல்லூரியில் படிக்கலாம், அணியில் ஆடலாம், விளையாட்டு ஸ்காலர்ஷிப்பும் வாங்கலாம். ஆனால் மத்திய அரசின் கல்விக் கடனும் உதவியும் கிடைக்காது. டிவிஷன் 3 தனியார் கல்லூரிகளில் படிப்புக்கான மெரிட் ஸ்காலர்ஷிப் தருவார்கள். விசாவில் இருப்பவர்களுக்கும் அது உண்டா, வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியும் உண்டா என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு. ப்ரீ-ரீட் நேரத்திலேயே நிதி அலுவலகத்திடம் கேட்டு, நான்கு வருடத்துக்குக் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏர்லி டிசிஷன் போட்டுவிட்டால் பிறகு பேரம் பேச முடியாது. பெயர், படத்தைப் பயன்படுத்திப் பணம் சம்பாதிக்கும் என்.ஐ.எல். ஒப்பந்தங்களிலும், கல்லூரி நேரடியாக வீராங்கனைகளுக்குத் தரும் பணத்திலும் மட்டும் கை வைக்காதீர்கள். எச்-4-ல் இருக்கும் பிள்ளைகளுக்கு வேலை அனுமதி இல்லை என்பதால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். கிரீன் கார்டு வருவதற்குள் அவளுக்கு 21 வயதானால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரும். அது மூன்றாம் வருட சீசனின் நடுவில் வந்து நிற்காதபடி வழக்கறிஞரிடம் இப்போதே தேதியைப் பேசி வையுங்கள்.

டிவிஷன் 1, டிவிஷன் 2 இரண்டில் எதுவும் மனதில் இருந்தால் என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் இந்த மாதமே கணக்கு தொடங்கிவிடட்டும். பள்ளியில் 16 கோர் (அடிப்படை) பாடங்கள் முடித்திருக்க வேண்டும். டிவிஷன் 1-க்கு அவற்றில் 10 பாடங்களை, அதிலும் ஆங்கிலம், கணக்கு, அறிவியலில் 7-ஐ, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்குள் முடித்திருக்க வேண்டும். 3.9 எடுக்கிற பிள்ளைக்கு இது பிரச்சினையாக இருக்காது. ஒன்பதாம் வகுப்பை இந்தியாவில் படித்திருந்தால் அந்தப் பள்ளியின் மதிப்பெண் பட்டியலும் தேவைப்படும், அதை வாங்குவதற்குத்தான் நாளாகும்.

அந்த ஸ்டேட் யூனிவர்சிட்டி கோச்சை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த வாரமே மகளை அவருக்கு மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: கேம்ப்பில் நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, என் வருடத்தில் பிரிஃபர்ட் வாக்-ஆனாக எனக்கு ரோஸ்டரில் ஓர் இடம் தருவீர்களா, இல்லை பொது ட்ரை-அவுட்டைத்தான் சொன்னீர்களா, எதுவாக இருந்தாலும் தெரிந்தால் நான் திட்டமிட முடியும். பெரும்பாலான கோச்சுகள் இப்படிக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் பொது ட்ரை-அவுட் என்றே வைத்துக்கொண்டு மற்ற கல்லூரிகளுக்கு எழுத ஆரம்பிக்கட்டும். பட்டியல் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். ஜூலை ப்ரீ-ரீடுக்கு முன் எந்த ரோஸ்டரில் ரைட் பேக் இடம் காலியாகிறது என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.